வாய் திறக்க மாத்திரை உண்டா?

டாக்டர் அவர்களுக்கு வணக்கம். நாங்கள் தாராவியில் வசிக்கிறோம். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். என் கணவருக்கு வயது 54, டெம்போ ஓட்டிக்கொண்டிருந்தார். கன்னத்தின் உட்புறம் வந்த புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்து, அதன்பின் ஆறு வாரம் கரண்ட், அதாவது கதிர்வீச்சு வைத்தார்கள். அது முடிந்து இருபது மாதம் ஆகிறது. ஐந்து மாதத்துக்கு முன்பு காட்டியபோது நோய் இல்லை என்றார்கள். ஆனால் இப்போது வாயில் இரண்டு விரல்கூட முழுதாக நுழைவதில்லை. கழுத்து ஒரு பக்கம் இறுகிப்போய்த் திரும்ப மறுக்கிறது. என் கொழுந்தனார் இணையத்தில் படித்துவிட்டு, தழும்பைக் கரைக்கும் என்று பென்டாக்ஸிஃபைலின் மாத்திரையும் வைட்டமின் ஈ காப்ஸ்யூலும் மருந்துக்கடையில் வாங்கிவந்தார். மூன்று வாரமாகக் கொடுக்கிறோம். வாய் திறக்காததால் மாத்திரையைப் பொடித்து மோரில் கலந்து கொடுக்கிறேன். குடித்த சிறிது நேரத்தில் தலைசுற்றலும் குமட்டலும் வருகின்றன. சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டுக்கும் மாத்திரை சாப்பிடுகிறார், ஆஸ்பிரினும் உண்டு. கீழ்த்தாடையில் ஒரு கடைவாய்ப்பல் சொத்தையாகி வலிக்கிறது, எடுத்துவிடலாம் என்கிறார் பக்கத்துத் தெருப் பல் மருத்துவர். புகையிலையை விட்டுவிட்டார், பாக்கு மட்டும் எப்போதாவது. இந்த மாத்திரைகளால் பலன் உண்டா? வேறு மருந்து இருக்கிறதா? கரண்ட் உடம்பிலேயே தங்கிவிட்டதால்தான் இப்படி ஆகிறது என்கிறார் நாத்தனார், அது உண்மையா? அவர் மறுபடியும் வண்டி ஓட்ட முடியுமா?
– ஒரு வாசகி, தாராவி, மும்பை

சகோதரி,

மற்றதையெல்லாம் பிறகு பேசுவோம், முதலில் மாத்திரையைப் பொடிப்பதை இன்றோடு நிறுத்துங்கள். பென்டாக்ஸிஃபைலின் 400 மில்லிகிராம் மாத்திரை மெதுவாகக் கரைவதற்கென்றே தயாரிக்கப்பட்டது. வயிற்றுக்குள் போன பிறகு பல மணி நேரம் எடுத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக மருந்தை வெளிவிடும். பொடித்துவிட்டால் அந்த ஏற்பாடு குலைந்து, முழு அளவும் ஒரே மூச்சில் ரத்தத்தில் ஏறிவிடுகிறது. அவருக்கு வரும் தலைசுற்றலுக்கும் குமட்டலுக்கும் பெரும்பாலும் இதுவே காரணமாக இருக்கும். ரத்த அழுத்தத்தைச் சற்று இறக்கும் குணமும் இந்த மருந்துக்கு உண்டு. அவரோ ஏற்கெனவே அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். குளியலறையில் தலைசுற்றி விழுந்தால் கதை வேறாகிவிடும். முழுதாக விழுங்க முடியாதவருக்கு இந்த மாத்திரை பொருந்தாது என்பதுதான் விதி. இரண்டு விரல் அளவு வாய் திறப்பவரால் பொதுவாக ஒரு மாத்திரையை உள்ளே தள்ள முடியும். சிக்கல் விழுங்குவதில்தான் என்றால், அதைத் தனியாகப் பரிசோதிக்க வேண்டும்.

பென்டாக்ஸிஃபைலினையும் வைட்டமின் ஈ காப்ஸ்யூலையும் இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். மூன்று வாரம்தான் ஆகியிருக்கிறது, நிறுத்துவதால் எதுவும் கெட்டுப்போகாது. ஏன் நிறுத்தச் சொல்கிறேன் என்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவதை உங்கள் கொழுந்தனார் படித்த பக்கம் சொல்லியிருக்காது என்று நினைக்கிறேன்.

கதிர்வீச்சு பெற்ற ஒருவருக்கு வாய் திறப்பது குறைந்துகொண்டே வந்தால், அது தழும்பு இறுகுவதாலும் இருக்கலாம், நோய் திரும்பியிருப்பதாலும் இருக்கலாம். மெல்லும் தசைகளுக்குள் கட்டி மறுபடி வளர்ந்தாலும் வெளியே தெரிவது இதே இறுக்கம்தான். வீட்டில் தொட்டுப் பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது, சில நேரம் எங்களாலும் முடிவதில்லை. அப்போது எம்.ஆர்.ஐ. அல்லது பெட் ஸ்கேன் எடுத்து, தேவைப்பட்டால் துளி சதையைப் பரிசோதனைக்கு அனுப்புகிறோம். தலை, கழுத்துப் புற்றுநோய்கள் திரும்பி வருமானால் பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுக்குள் வரும். உங்கள் கணவர் இன்னும் அந்தக் காலத்துக்குள்தான் இருக்கிறார். ஐந்து மாதத்துக்கு முன் நோய் இல்லை என்றது அன்றைக்கான பதில். அடுத்த தேதி வரும்வரை காத்திருக்காமல் இந்த வாரமே சிகிச்சை பெற்ற மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். வலி கூடுவது, காதுக்குள் குத்துவது, உதடோ தாடையோ மரத்துப்போவது, ஆறாத புண், ரத்தக் கசிவு, கழுத்தில் புதிய கட்டி, இவற்றில் எது இருந்தாலும் போனவுடன் முதலில் அதைச் சொல்லுங்கள். பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. இப்படி வருபவர்களில் பலருக்கு இருப்பது வெறும் தழும்புதான். ஆனால் அது தழும்புதான் என்று ஒருவர் பார்த்து உறுதி செய்த பிறகே தழும்புக்கு மருந்து கொடுக்க வேண்டும்.

நாத்தனாரின் கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் சொல்லிவிடலாம். கரண்ட் உடம்பில் தங்குவதில்லை. வெளியிலிருந்து இயந்திரம் செலுத்திய கதிர், இயந்திரம் நின்ற கணத்திலேயே போய்விட்டது. அவர் யாரையும் தொடலாம், குழந்தைகளைத் தூக்கிக் கொஞ்சலாம், ஒரே தட்டில் சாப்பிடலாம். தங்கியிருப்பது கதிர் அல்ல, அது பட்ட இடத்தில் உடல் காட்டுகிற எதிர்வினை. அடிபட்ட இடத்தை ஆற்றுவதற்காக நார்ப்புரதமான கொலாஜனை உற்பத்தி செய்யும் செல்கள் நம் உடலில் உண்டு. சாதாரணக் காயத்தில், புண் மூடியதும் அவை ஓய்ந்துவிடும். கதிர்வீச்சு பட்ட சதையிலோ நுண்ணிய ரத்தக்குழாய்கள் சேதமடைந்து, ஆக்சிஜன் குறைந்து, 'இன்னும் காயம் ஆறவில்லை' என்ற செய்தி மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் போய்க்கொண்டே இருக்கிறது. டி.ஜி.எஃப்.-பீட்டா என்ற வேதிப்பொருள் அந்தச் செய்தியைச் சுமப்பவற்றில் முக்கியமானது. சுவர் எழும்பிய பிறகும் சிமெண்டு குழைப்பதை நிறுத்தாத கொத்தனாரைப் போல அந்தச் செல்கள் கொலாஜனைக் கொட்டிக்கொண்டே இருக்கின்றன. தசைக்கும் தோலுக்கும் இடையில் வழுக்கிக்கொண்டு நகர வேண்டிய அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகுகின்றன. இதைத்தான் ஃபைப்ரோசிஸ் என்கிறோம். சிகிச்சை முடிந்து பல மாதம் கழித்து அது தலைகாட்டுவதற்குக் காரணமும் இதுவே. உங்கள் கணவருக்கு அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சும் ஒரே இடத்தில் நடந்திருக்கின்றன, சர்க்கரை நோயும் இருக்கிறது. இவை எல்லாமே தழும்பைக் கூட்டுபவை.

இனி மாத்திரைக்கு வருகிறேன். கொழுந்தனார் ஒன்றும் கட்டுக்கதையைப் படித்துவிட்டு வரவில்லை. பென்டாக்ஸிஃபைலின் கால் ரத்தக்குழாய் அடைப்புக்காக வந்த மருந்து. சிறிது தூரம் நடந்தாலே கெண்டைக்கால் வலிப்பவர்களுக்காக அமெரிக்காவில் 1984-இல் அனுமதி பெற்றது. சிவப்பணுக்களை வளைந்துகொடுக்கச் செய்து, குறுகிய குழாய்களிலும் ரத்தம் ஓட உதவும். அழற்சியையும் ஓரளவு தணிக்கும். நம் நாட்டில், பாக்குப் பழக்கத்தால் வாய் இறுகிப்போகும் நோய்க்குப் பல் மருத்துவர்களும் இதைக் கொடுப்பதுண்டு. கதிர்வீச்சுத் தழும்புக்கென்று இதை வைட்டமின் ஈயோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்து ஆய்வு செய்தவர்களில் முன்னோடிகள் பாரிஸின் செயின்ட் லூயி மருத்துவமனைக்காரர்கள். 2003-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், மார்பகக் கதிர்வீச்சுக்குப் பின் தோல் இறுகிப்போன 24 பெண்களை நான்கு குழுவாகப் பிரித்து, ஆறு மாதம் மருந்து கொடுத்தார்கள். இரண்டு மருந்தும் சேர்த்துப் பெற்றவர்களுக்குத் தழும்பின் பரப்பு 60 சதவிகிதம் சுருங்கியது. மருந்தே இல்லாத வெற்று மாத்திரை பெற்றவர்களுக்கு 43 சதவிகிதம். ஒன்றை மட்டும் பெற்றவர்களிடம் குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை.

அந்த 43 என்ற எண்ணின் அருகே சற்று நில்லுங்கள். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களின் தழும்பும் ஆறு மாதத்தில் பாதியை நெருங்கும் அளவுக்குச் சுருங்கியிருக்கிறது. ஆகவே "இந்த மாத்திரையைச் சாப்பிட்டேன், இளகிவிட்டது" என்று யாராவது அனுபவக் கதை சொன்னால், அதில் மாத்திரையின் பங்கு எவ்வளவு, காலத்தின் பங்கு எவ்வளவு என்று அவருக்கே தெரியாது. இணையத்தில் உலவும் கதைகள் பெரும்பாலும் இந்த வகைதான். வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வை மட்டும் நம்பும் வழக்கம் எங்களுக்கு வந்ததற்கும் இதுவே காரணம்.

அதன்பின் இங்கிலாந்தில் 68 பேரை வைத்து இதே இரண்டு மருந்துகளை இதேபோல் வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டார்கள். 2004-இல் முடிவு வந்தது, பலன் இல்லை. ஆனால் அவர்கள் கதிர்வீச்சு பெற்றுப் பல ஆண்டுகள் கடந்து, கைவீக்கத்தோடு வந்தவர்கள். பழைய தழும்பு அசையாது, புதிய தழும்பு கொஞ்சம் அசையும் என்று எடுத்துக்கொள்ளலாம். மருந்தே பயனற்றது என்று வாதிடுபவர்களும் உண்டு. நான் முதல் கட்சி, ஆனால் சத்தியம் செய்யுமளவுக்கு இல்லை. உங்கள் கணவரின் நிலைக்கு மிக அருகில் இருப்பது ஹாங்காங்கில் நடந்த சிறு ஆய்வு. மூக்கின் பின்புறம் வரும் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெற்று, வாய் திறக்க முடியாமல்போன 20 பேருக்கு எட்டு வாரம் பென்டாக்ஸிஃபைலின் மட்டும் கொடுத்தார்கள். வாய் சராசரியாக 4 மில்லிமீட்டர் கூடுதலாகத் திறந்தது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லாத ஆய்வு அது. இருந்தாலும், நாலு மில்லிமீட்டர் என்பது இட்லியைப் பிய்த்து ஊட்டுவதற்கும் கஞ்சியை உறிஞ்சிக் குடிப்பதற்கும் இடையிலுள்ள தூரமாக இருக்கலாம்.

எவ்வளவு காலம் சாப்பிட வேண்டும் என்ற கேள்வியும் வரும். பாரிஸ்காரர்கள் பிறகு நீண்டகாலம் பின்தொடர்ந்து பார்த்ததில், ஆறு மாதம், ஒரு வருடம் என்று சாப்பிட்டு நிறுத்தியவர்களுக்குத் தழும்பு மறுபடியும் இறுகியது. இரண்டு, மூன்று ஆண்டு விடாமல் சாப்பிட்டவர்களுக்கே பலன் தங்கியது. எனவே 'ஒரு மாதம் கொடுத்துப் பார்ப்போம்' என்று தொடங்குவதில் பொருளில்லை. பரிசோதனையில் நோய் இல்லை என்று உறுதியான பிறகு, கதிர்வீச்சு மருத்துவர் ஒப்புக்கொண்டால், பென்டாக்ஸிஃபைலின் 400 மில்லிகிராம் தினம் இரண்டு வேளை, சாப்பாட்டுக்குப் பின், முழுதாக விழுங்கும்படி தொடங்கலாம் என்பது என் கருத்து. அதற்கு முன் இரண்டு காரியம். சர்க்கரைக்காரர் என்பதால் கண்ணின் விழித்திரையைப் பரிசோதித்துவிடுங்கள். விழித்திரையிலோ மூளையிலோ அண்மையில் ரத்தக்கசிவு ஏற்பட்டவர்களுக்கு இந்த மருந்து கூடாது. இரண்டாவது, சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை. கிரியேட்டினின் கூடியிருந்தால் அளவைக் குறைக்க வேண்டும். ஆஸ்பிரின் சாப்பிடுவதைக் கட்டாயம் சொல்லுங்கள், இரண்டும் சேர்ந்தால் ரத்தம் கசியும் வாய்ப்பு கூடும். சர்க்கரையும் வழக்கத்தைவிடச் சற்று இறங்கலாம், முதல் சில வாரங்கள் அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள்.

வைட்டமின் ஈ விஷயத்தில் நான் இன்னும் எச்சரிக்கையாக இருப்பேன். மேலே நிறுத்தச் சொன்னதற்கு இரண்டாவது காரணம் இதுதான். தலைமுடிக்கும் தோலுக்கும் நல்லது என்று ஊரே விழுங்கும் காப்ஸ்யூல், அதனால் யாரும் பயப்படுவதில்லை. கனடாவின் கியூபெக்கில் தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெற்ற 540 பேரிடம் நடந்த ஆய்வு வேறு மாதிரி சொல்கிறது. கதிர்வீச்சு நடக்கும்போதும் அதன்பின் மூன்று ஆண்டும் தினம் 400 யூனிட் வைட்டமின் ஈ கொடுக்கப்பட்டவர்களுக்கு, அதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்த காலத்தில் புதிதாக இன்னொரு புற்றுநோய் வருவது கூடுதலாக இருந்தது. இந்தத் தீங்கு கதிர்வீச்சின்போதும் புகைபிடித்துக்கொண்டிருந்தவர்களிடம்தான் தெரிந்தது என்று பின்னர் வந்த அலசல் காட்டியது. தழும்பு ஆய்வுகளில் கொடுத்தது அதைவிட அதிகம், தினம் 1000 யூனிட். ஆக, தழும்புக்கு இரண்டும் சேர்ந்தால்தான் வேலை செய்யும் என்கிறது ஒரு ஆய்வு, உங்கள் கணவருக்கு வந்த அதே வகை நோயில் அதில் ஒன்று ஆபத்தாகலாம் என்கிறது இன்னொரு ஆய்வு. இப்படி இரண்டு பக்கமும் இழுக்கும்போது நான் எடுக்கும் நிலை இது: இரண்டு ஆண்டு முடியட்டும், புகையிலை முற்றிலும் நின்றுவிட்டது என்று உறுதியாகட்டும், அதுவரை பென்டாக்ஸிஃபைலின் மட்டும் போதும். இன்னொரு மருத்துவர் வேறுவிதமாக முடிவெடுத்தால் அவரைத் தவறு என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த முடிவை மருந்துக்கடைக் கவுண்டரில் எடுக்கக் கூடாது.

வேறு மருந்துகள் பற்றிக் கேட்டீர்கள். கொழுந்தனார் அடுத்து எதைத் தேடிக் கண்டுபிடிப்பார் என்று ஊகித்து எழுதுகிறேன். நுரையீரல் தழும்பு நோய்க்குக் கொடுக்கும் பிர்ஃபெனிடோன் என்ற மருந்தைக் கதிர்வீச்சுத் தழும்புக்கும் பரிசோதித்திருக்கிறார்கள். ஆனால் கழுத்து, தாடை இறுக்கத்துக்கு அதைப் பரிந்துரைக்குமளவுக்கு ஆதாரம் இல்லை. ஈரலைக் கண்காணிக்க வேண்டும், வெயில் பட்டால் தோல் பொரியும். கொலஸ்ட்ராலுக்கான பிரவாஸ்டாட்டினை பிரான்சில் தலை, கழுத்து நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, சிலருக்குத் தழும்பின் தடிமன் குறைந்ததாக 2019-இல் எழுதினார்கள். ஒப்பீட்டுக் குழு இல்லாத சிறிய ஆய்வு அதுவும். அவருக்கு எப்படியும் கொலஸ்ட்ரால் மாத்திரை தேவை என்றால் சாப்பிடட்டும், தழும்புக்கென்று வேண்டாம். ஸ்டீராய்டு ஆரம்ப அழற்சிக்கு உதவும், இறுகிய நாரை இளக்காது, சர்க்கரையை மட்டும் ஏற்றிவிடும். கழுத்துத் தசை இழுத்துப் பிடித்து வலிக்கிறது என்றால் போட்டுலினம் ஊசி போடுவதுண்டு. வலியையும் இழுப்பையும் தணிக்கும், தழும்பைத் தொடாது.

மருந்துகளைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு, எதை எதிர்த்து அவை வேலை செய்ய வேண்டும் என்று சொல்லாமல் விட்டால் தவறாகிவிடும். 'பாக்கு மட்டும் எப்போதாவது' என்று எழுதியிருக்கிறீர்கள். சகோதரி, வாயை இறுக வைப்பதில் புகையிலையைவிடப் பாக்குதான் நேரடிக் குற்றவாளி. கதிர்வீச்சே படாத, இருபது வயதுப் பையன்களுக்குக்கூட வெறும் பாக்கினால் கன்னத்தின் உட்புறம் நார்கட்டி, வாய் ஒரு விரலுக்குக் குறுகுவதை இந்த ஊரில் நாங்கள் வாடிக்கையாகப் பார்க்கிறோம். புகையிலை கலக்காத பாக்கையே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. குட்காவை மகாராஷ்டிராவில் 2012-இலேயே தடைசெய்தார்கள், ஆனால் பான் கடையில் பாக்கும் புகையிலையும் கலந்த மாவா கட்டிக்கொடுப்பது நின்றுவிட்டதா என்ன? ஸ்டாண்டில் நண்பர்கள் நீட்டும் சுபாரியை, அதாவது பாக்கை, அவர் மறுக்கத் தயங்குகிறார் என்றால், புரிகிறது. ஆனால் கதிர்வீச்சு ஒருபுறம் நார் நெய்ய, பாக்கு மறுபுறம் நெய்துகொண்டிருந்தால், நடுவில் நாலு மில்லிமீட்டர் தரும் மாத்திரை என்ன செய்யும்? பாக்கு நிற்காதவரை அவருக்குப் பென்டாக்ஸிஃபைலின் எழுத நான் தயங்குவேன். தண்டனையாக அல்ல, காசு வீண் என்பதற்காக.

அடுத்தது பயிற்சி. நோயாளிகள் இதைக் கேட்டதும் முகம் சுளிப்பார்கள். மாத்திரை விழுங்க ஒரு நொடி போதும், இதற்குப் பொழுதும் வலியும் வேண்டும். ஆனால் வாய் திறப்பில் இதுவரை உறுதியாகக் கைகொடுத்தது இதுதான். மருத்துவமனையில் பிசியோதெரபி பிரிவில் கேட்டால் தாடைப் பயிற்சிக் கருவியோ, அதற்குப் பதில் மரக்குச்சிகளோ கொடுத்துக் கற்றுத்தருவார்கள். நாக்கை அழுத்திப் பார்க்க மருத்துவர் பயன்படுத்தும் தட்டையான மரக்குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேல்பல் கீழ்ப்பல் வரிசைகளுக்கு இடையில், வலிக்கத் தொடங்கும் எல்லைவரை நுழைத்து வைத்துக்கொள்ள வேண்டும். நாளுக்கு ஐந்து முறை, ஒவ்வொரு முறையும் ஐந்து தடவை, தடவைக்கு முப்பது நொடி. சில நாட்களுக்கு ஒருமுறை இன்னொரு குச்சியைச் சேர்க்கப் பார்க்க வேண்டும். ஆடும் பல்லின்மீதோ வலிக்கும் அந்தக் கடைவாய்ப்பல்லின்மீதோ குச்சியை வைக்க வேண்டாம். முதல் பத்து நாள் வலிக்கும். தேவையானால் வலி மாத்திரை கேட்டு வாங்கி, பயிற்சிக்கு அரை மணி முன்னால் கொடுங்கள். நோய் திரும்பவில்லை என்று தெரிந்த பிறகே இதையும் தொடங்க வேண்டும்.

பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்றை எடுத்து, முன்பல் நுனிக்கும் கீழ்ப்பல் நுனிக்கும் இடையே எத்தனை மில்லிமீட்டர் என்று ஞாயிறுதோறும் அளந்து, காலண்டரில் எழுதிவையுங்கள். 35-க்குக் கீழே இருந்தால் வாய்ப்பூட்டு என்று கணக்கு. கண்ணால் பார்த்து 'கொஞ்சம் தேவலை' என்று சொல்வதை நான் நம்புவதில்லை, ஸ்கேலை நம்புகிறேன். மாத்திரையும் பயிற்சியும் சேர்ந்து ஆறு மாதம் ஆனபின் அந்த எண் ஏறியிருந்தால் மாத்திரையைத் தொடருங்கள். துளியும் அசையவில்லை என்றால், மருத்துவரிடம் சொல்லி நிறுத்திவிடலாம்.

கழுத்துக்கு நல்லெண்ணெய் தடவி வெந்நீர் ஒத்தடம் கொடுக்கும் யோசனையும் யாராவது சொல்லியிருப்பார்கள். எண்ணெயை மெல்லத் தடவிவிடுவதில் தவறில்லை. ஒத்தடம் வேண்டாம். கதிர்வீச்சு பட்ட தோலில் உணர்ச்சி மந்தமாக இருக்கும், சூடு தெரியாமல் கொப்புளித்துவிடும், ஆறுவதும் தாமதமாகும். அழுத்தி நீவிவிடுகிறேன் என்று யார் வந்தாலும் அனுப்பிவிடுங்கள்.

பல் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். கதிர்வீச்சு பட்ட கீழ்த்தாடை எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைவு. பல்லைப் பிடுங்கிய குழி ஆறாமல், எலும்பே செத்து வெளியே தெரியும் நிலை சிலருக்கு வந்துவிடுகிறது. கடைவாய்ப் பகுதியில், அதிகக் கதிர் பட்ட இடத்தில் இந்த ஆபத்து கூடுதல், எத்தனை ஆண்டு ஆனாலும் அது தீர்வதில்லை. பக்கத்துத் தெரு மருத்துவரைக் குறை சொல்லவில்லை, அவரிடம் கதிர்வீச்சு விவரத்தாள் இருந்திருக்காது. எந்த இடத்துக்கு எத்தனை கிரே (கதிரை அளக்கும் அலகு) கதிர் கொடுத்தார்கள் என்ற தாளைக் கதிர்வீச்சுப் பிரிவில் வாங்கி, புற்றுநோய் மருத்துவமனையின் பல் பிரிவிலேயே காட்டுங்கள். வேர் சிகிச்சை செய்து பல்லைக் காப்பாற்றுவதே முதல் வழி. வாய் குறுகலாக இருப்பதால் அது கடினம் என்றால், மேல்பகுதியை மட்டும் வெட்டிவிட்டு வேரை அடைத்து விடுவதுண்டு. பிடுங்கியே ஆக வேண்டும் என்றால், இதில் பழக்கமுள்ளவர் காயம் குறைவாக இருக்கும்படி எடுத்து, ஈறைத் தைத்து மூடுவார். அதற்கு முன்னும் பின்னும் அழுத்த ஆக்சிஜன் அறையில் பல நாள் உட்கார வேண்டும் என்று பெரிய தொகை கேட்டால் யோசியுங்கள். 2019-இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், அந்த ஆக்சிஜன் பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் எலும்பு சாகும் விகிதம் ஏறக்குறைய ஒன்றாகவே, நூற்றுக்கு ஆறு பேர் அளவில்தான் இருந்தது. பென்டாக்ஸிஃபைலினும் வைட்டமின் ஈயும் பல் எடுப்பதற்கு முன்பே தொடங்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அவர்கள் அப்படிச் சொன்னால், நான் மேலே எழுதிய கியூபெக் விஷயத்தையும் பேசி முடிவு செய்யுங்கள்.

மருத்துவமனைக்குப் போகும்போது டி.எஸ்.எச். என்ற தைராய்டு பரிசோதனையும் எழுதித்தரச் சொல்லுங்கள். கழுத்தில் கதிர்வீச்சு பெற்றவர்களுக்குத் தைராய்டு மெல்லக் குறைவது சகஜம். உடம்பு கனத்து, சோர்ந்து, மலச்சிக்கலோடு கிடப்பதைப் பார்த்து, 'மனசு விட்டுட்டார்' என்று வீட்டில் நினைத்துக்கொள்வார்கள். தண்ணீர் குடிக்கும்போது இருமல் வருகிறதா என்பதையும் கவனியுங்கள். வந்தால் தொண்டைத் தசையும் இறுகுகிறது என்று அர்த்தம், விழுங்கும் பயிற்சி தருபவரைப் பார்க்க வேண்டும்.

வண்டி ஓட்டுவதைப் பற்றி: அறுவை சிகிச்சையில் தோளைத் தூக்கும் நரம்பு பாதிக்கப்பட்டிருந்தால், ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்புவது முதலில் கடினமாக இருக்கும், தோள்பட்டைப் பயிற்சியில் அது கொஞ்சம் தேறும். கழுத்துதான் பெரிய கேள்வி. சயான் சர்க்கிளில் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்க்க முடியாதவர், கண்ணாடியை மட்டும் நம்பி டெம்போ ஓட்டுவதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். நாற்காலியில் நேராக உட்காரவைத்து, உடம்பைத் திருப்பாமல் தலையை மட்டும் திருப்பச் சொல்லுங்கள். முகவாய் எந்தப் பக்கம் தோளை நோக்கி எவ்வளவு தூரம் போகிறது என்று பிசியோதெரபிஸ்ட் அளந்து எழுதித்தருவார். தலைசுற்றல் இருக்கும்வரை எந்த வண்டியும் வேண்டாம். பென்டாக்ஸிஃபைலினை மறுபடி தொடங்கினாலும் முதல் இரண்டு வாரம் அப்படியே. அதுவரை, வண்டியை வாடகைக்கு விட்டு, சரக்கு ஏற்றி இறக்கும் கணக்கை அவர் பார்த்துக்கொள்ளலாம். வேலையில் இருந்தால் பாக்குக்கு நேரம் குறையும் என்பது என் சொந்த அனுமானம், இதற்கு ஆய்வு எதுவும் கிடையாது.